நான்காம் வகுப்புக்கு இரண்டு மணி நேர வீட்டுப்பாடம்: இதில் எது பிள்ளைக்கு உதவுகிறது?

நூல்கண்டு | திருப்பூர் | திங்கள், இரவு 10.20

என் மகள் நான்காம் வகுப்பு, சிபிஎஸ்இ பள்ளி. வேன் நாலரைக்கு வாசலில் இறக்கிவிடும். பால் குடித்து, கொஞ்சம் விளையாடி, ஐந்தரைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க ஏழு, ஏழரை, சில நாள் எட்டு. போன வாரம் ஐந்து நாளும் கடிகாரம் பார்த்துக் குறித்து வைத்தேன். மொத்தம் 9 மணி 40 நிமிடம். வயது ஒன்பது.

நேரத்தைவிட என்னை உறுத்துவது அவள் என்ன எழுதினாள் என்பதுதான். இ.வி.எஸ். (சுற்றுச்சூழல் பாடம்) கேள்வி பதிலை வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து ஒரு முறை எழுதுகிறார்கள். அதையே வீட்டு நோட்டில் மறுபடி எழுத வேண்டும். கணக்கில் ஒரே மாதிரி 24 வகுத்தல். ஆங்கில டிக்டேஷனில் தப்பிய ஒவ்வொரு சொல்லுக்கும் பத்து முறை இம்போசிஷன். இந்தியில் இரண்டு பக்கம் கையெழுத்து. இதற்கு மேல் மாதம் ஒரு ப்ராஜெக்ட். போன வெள்ளி நீர்மின் நிலைய மாடல். தெர்மாகோல் வெட்டி, நீல பெயின்ட் அடித்து, இரவு 12 மணி வரை நான்தான் செய்தேன். அவள் ஒன்பதுக்கே தூங்கிவிட்டாள். மறுநாள் அதற்கு ‘எக்ஸலண்ட்’ ஸ்டிக்கர் கொடுத்திருக்கிறார்கள். மகள் அதைப் பத்திரமாக உரித்துக் கொண்டுவந்து, “அம்மா, இது உனக்கு” என்று என் கையில் ஒட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எது பிள்ளைக்கு உதவுகிறது, எது பக்கத்தை நிரப்புகிறது என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? டீச்சரிடம் எப்படிப் பேசுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


கடலூர்க்காரன் | திங்கள், இரவு 10.51

அக்கா, இதற்கு விதியே இருக்கிறது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020 பள்ளிப் பைக் கொள்கையில் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை இரண்டு மணி நேரம்தான் உச்சவரம்பு. உங்கள் பள்ளி கிட்டத்தட்ட அதற்குள்தான் இருக்கிறது. ஓரிரு நாள் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.


அரைப்பரீட்சை | சென்னை | திங்கள், இரவு 11.15

கடலூர்க்காரன், அந்த இரண்டு மணி நேரம் ஒரு நாளைக்கு இல்லை, ஒரு வாரத்துக்கு. தயவுசெய்து இன்னொரு முறை படித்துப் பாருங்கள். இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி. ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு ஒரு மணி. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நாளுக்கு இரண்டு மணி. நூல்கண்டு அக்காவின் மகள் வாரத்துக்கு 9 மணி 40 நிமிடம் எழுதுகிறாள். வரம்பைப் போல ஐந்து மடங்கு.

இது நம் ஊரில் இருந்தும் போன விஷயம். 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டார். பிள்ளைகள் பளு தூக்கும் வீரர்கள் இல்லை, புத்தகப் பை சரக்குப் பெட்டகமும் இல்லை என்று அதில் சொன்னார். அந்த ஆண்டு நவம்பரிலேயே மத்திய அரசிடமிருந்து சுற்றறிக்கை வந்தது.

அதற்கும் 25 ஆண்டுகள் முன்னால், 1993இல், இயற்பியலாளர் யஷ்பால் தலைமையிலான குழு இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தொடக்க வகுப்புகளில் வீட்டைச் சுற்றி உள்ளதைத் தேடிப் பார்க்கும் வேலை தவிர வேறு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது. மேல் வகுப்புகளில் தேவைப்பட்டால் கொடுக்கலாம், அதுவும் பாடப்புத்தகத்தை ஒட்டியதாக இருக்கக் கூடாது. 30 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாம் இன்னும் கேள்வி பதிலை இரண்டாவது நோட்டில் எழுத வைத்துக் கொண்டிருக்கிறோம்.


கடலூர்க்காரன் | திங்கள், இரவு 11.22

நான் தவறாகப் படித்துவிட்டேன். மன்னிக்கவும் அக்கா. வாரத்துக்கு என்றால் உங்கள் பள்ளியில் நடப்பது மிக அதிகம்.


வாய்ப்பாடு16 | மதுரை | செவ்வாய், காலை 6.40

15 வருடமாக வீட்டில் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். எல்லோரும் சேர்ந்து வீட்டுப்பாடத்தைத் தூக்கிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் விரலை மடக்குகிறார்கள். காரணிப்படுத்தல் நடத்தும்போது எந்த இரண்டு எண்ணைப் பெருக்கினால் 56, கூட்டினால் 15 என்று கேட்பேன். வாய்ப்பாடு மனதில் இருக்கும் பிள்ளைக்கு அது ஒரு விநாடி. இல்லாத பிள்ளைக்கு அங்கேயே மூளை களைத்துவிடும், புதிய பாடம் உள்ளே போகாது. கணக்கு பிடிக்கவில்லை என்று பிறகு சொல்வது இந்தப் பிள்ளைகள்தான்.

கை பழகத்தான் வேண்டும். 24 வகுத்தல் எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.


சாக்பீஸ் | விழுப்புரம் மாவட்டம் | செவ்வாய், மாலை 5.35

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை நான். ஐந்தாம் வகுப்பு, 34 பிள்ளைகள்.

வாய்ப்பாடு16 சார் சொல்வது சரி, கை பழக வேண்டும். ஆனால் எதைப் பழகுகிறது என்று யாராவது பார்க்க வேண்டும் சார். நான்கு வருடம் முன்னால் என் வகுப்பில் ஒரு பையன். கழித்தலில் 20 கணக்கு கொடுத்து அனுப்பினேன். மறுநாள் அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல், 20ம் போட்டு வந்தான். நான் கடைசியில் ஒரு டிக் போட்டு, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்துத் தேர்வில் 402இலிருந்து 178ஐக் கழி என்பதற்கு 376 என்று எழுதியிருந்தான். எப்படி வந்தது என்று யோசித்தால் விளங்கியது. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறான். நான்கில் ஒன்று போனால் மூன்று, ஏழில் பூஜ்ஜியம் போனால் ஏழு, எட்டில் இரண்டு போனால் ஆறு. கடன் வாங்கிக் கழிப்பது அவனுக்குப் புரியவே இல்லை. பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். கடன் வாங்க வேண்டிய கணக்கு அந்த 20இல் 14. பதினான்கும் இப்படித்தான். கீழே என் சிவப்பு மை டிக்.

ஒரு கணக்கு கொடுத்து அதைப் பார்த்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன். 20 கொடுத்ததால் பார்க்கவில்லை, அவனோ தவறை 14 முறை போட்டுப் போட்டு உறுதியாக்கிக்கொண்டான். அதை மாற்ற எனக்கு ஒரு மாதம் ஆனது. இன்றும் அந்த நோட்டு என் மேசையில்தான் இருக்கிறது.

நோட்டு திருத்துவதைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. 34 பிள்ளை, ஐந்து பாடம், 170 நோட்டு. ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலே 2 மணி 50 நிமிடம். எந்த ஆசிரியரும் அதைத் தினமும் படித்துத் திருத்த முடியாது. டிக் மட்டும்தான் போட முடியும். ஆய்வுக்கு வருபவர்களும் பெரும்பாலும் நோட்டைப் புரட்டிக் கையெழுத்து இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பிள்ளை என்ன தவறு செய்தது, அடுத்த நாள் அதற்கு என்ன செய்தோம் என்று கேட்டவர்கள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

இப்போது நான் மூன்றே கணக்குத்தான் கொடுக்கிறேன். இன்று நடத்தியதில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. காலையில் முதல் பத்து நிமிடம் அந்த மூன்றும் கரும்பலகையில். யார் எப்படிப் போட்டார்கள் என்று இரண்டு மூன்று பேர் வந்து சொல்ல வேண்டும். தவறாகப் போட்டவர் கையைத் தூக்கினால் திட்டு கிடையாது, அந்தக் கணக்கைத்தான் முதலில் எடுப்போம். மறுநாள் காலையில் பார்க்க முடியாத வீட்டுப்பாடத்தைக் கொடுக்காதே என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்.


முதல்தலைமுறை | தென்காசி | செவ்வாய், இரவு 9.05

டீச்சர், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன்.

அம்மா பீடி சுற்றுவார். அப்பா கூலி வேலை. இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளி விட்டு வந்தால் நானும் அக்காவும் பீடி முனை மடக்க உட்கார்ந்துவிடுவோம், சனிக்கிழமை கணக்கு முடிக்க வேண்டுமே. வீடு ஒரே அறை. தட்டு, இலை, தூள் எல்லாம் நடுவில் இருக்கும். எழுத வேண்டும் என்றால் வாசற்படிதான். புரியாத கேள்விக்கு யாரிடம் கேட்பது? எழுதாமல் போய் வகுப்புக்கு வெளியே முட்டி போட்டு நிற்பேன். ‘பெற்றோர் கையொப்பம்’ என்ற இடத்தில் அம்மாவின் பெயரை நானே எழுதியிருக்கிறேன். அது பொய் என்று தெரிந்து ஒரு நாள் எல்லோர் முன்னாலும் அடி வாங்கினேன். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அதே பள்ளியில் ஆறாம் வகுப்பில் ஒரு கணக்கு டீச்சர் வந்தார். ஒரு நாள் அவர் கொடுத்த வீட்டுப்பாடம் இது: ‘உன் வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு முடிப்பார்கள், ஒரு வாரத்துக்கு எவ்வளவு வரும், கேட்டுக் கணக்குப் போட்டு வா.’ நான் அம்மாவிடம் கேட்டேன். அவர் சுற்றிக்கொண்டே ஒரு கட்டுக்கு எத்தனை, இலை எவ்வளவு கழியும், தூள் குறைந்தால் என்ன ஆகும், ஆயிரத்துக்கு என்ன கூலி, கழிவு என்று எத்தனையைத் தள்ளுவார்கள் என்று அரை மணி நேரம் சொன்னார். வாய்க்கணக்கில் அம்மா அவ்வளவு வேகம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நான் பென்சிலால் எழுதிப் பெருக்குவதற்குள் அவர் விடை சொல்லிவிடுவார். முதல் முறையாக என் வீட்டுப்பாடத்துக்கு என் வீட்டிலேயே பதில் இருந்தது.

நான் இன்று வங்கியில் வேலை பார்க்கிறேன். வீட்டுப்பாடம் நல்லதா கெட்டதா என்று யாராவது பேசினால், யார் வீட்டுக்குப் போகிற பாடம் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.


அரைப்பரீட்சை | செவ்வாய், இரவு 10.30

முதல்தலைமுறை, எழுதியதற்கு நன்றி. நீங்கள் வாங்கிய அடிக்கு இன்று சட்டப்படி தடை இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. முட்டி போட வைப்பதும் அதில் அடங்கும்.

யார் வீட்டுக்குப் போகிற பாடம் என்ற உங்கள் கேள்விக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பு 2012இல் பல நாடுகளில் நடத்திய பிசா தேர்வில் 15 வயது மாணவர்களிடம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வீட்டுப்பாடம் செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி ஏறத்தாழ ஐந்து மணி. வசதியான வீட்டுப் பிள்ளைகள் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளைவிட 1.6 மணி நேரம் அதிகம் செய்தார்கள். பள்ளியில் ஒரே பெஞ்சில் இருக்கும் இருவர், வீட்டுக்குப் போனதும் வேறு வேறு தூரத்தில் இருக்கிறார்கள்.

அதே கணக்கில் ஷாங்காய் கிட்டத்தட்ட 14 மணி, பின்லாந்தும் தென்கொரியாவும் மூன்று மணிக்கும் கீழே. மூன்றுமே நல்ல மதிப்பெண் எடுத்த இடங்கள். (கொரியாவில் மாலை முழுவதும் தனி ட்யூஷன் ஓடுகிறது, அதையும் மனதில் வைத்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.) சீனாவே 2021 ஜூலையில் ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு எழுத்து வீட்டுப்பாடத்தை நிறுத்தி, மூன்று முதல் ஆறு வரை ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்று விதித்தது.

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பர் குழு 2006இல் அதற்கு முந்தைய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஏழாம் வகுப்பிலிருந்து வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் ஓரளவு தொடர்பு தெரிகிறது. சின்ன வகுப்புகளில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒரு வகுப்புக்குப் பத்து நிமிடம் என்ற கணக்கை அவர் சொல்வார். அப்படிப் பார்த்தாலும் நான்காம் வகுப்புக்கு 40 நிமிடம்தான்.

நூல்கண்டு அக்கா கேட்ட ‘எது உதவுகிறது’ என்பதற்கு எனக்குத் தெரிந்த தெளிவான பதில் வேறொரு ஆய்வில் இருக்கிறது. அதே 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் அதைத் திரும்பப் படித்தது. இன்னொரு கூட்டம் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள் முன்னால். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் நினைவிலிருந்து எழுதியவர்கள் முன்னால். பார்த்து எழுதுவதில் பிள்ளை எதையும் நினைவுபடுத்தத் தேவையே இல்லை, கண்ணும் கையும் போதும். அதே கேள்வி பதிலைப் புத்தகத்தை மூடி, அரைகுறையாக இருந்தாலும் தன் சொல்லில் இரண்டு வரி எழுதி, பிறகு திறந்து சரிபார்த்தால் அது உழைப்பு.


கோவைத்தென்றல் | புதன், காலை 11.10

நான் ஒன்று சொல்ல வேண்டும். என் மகன் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, “உங்கள் பள்ளியில் வீட்டுப்பாடமே கொடுப்பதில்லை, பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகள் எவ்வளவு எழுதுகிறார்கள்” என்று தலைமை ஆசிரியரிடம் போய்ச் சண்டை போட்டது நான். என்னோடு ஆறேழு பெற்றோர் வந்தார்கள். கட்டும் பணத்துக்கு நோட்டு நிறைந்திருந்தால்தான் பாடம் நடக்கிறது என்று நம்பினேன். அடுத்த மாதமே எல்லாப் பாடத்துக்கும் வீட்டு நோட்டு வந்துவிட்டது. அந்த வகுப்பு டீச்சர் அதற்கு முன்னால் தினமும் ஒரு கதை படித்துவிட்டு வரச் சொல்லிக்கொண்டிருந்தார். அது நின்றுபோனது. என் மகன் இப்போது எட்டாம் வகுப்பு, தானாக ஒரு புத்தகத்தை எடுத்துப் படிப்பதில்லை. அந்தக் கதைகளை நிறுத்த வைத்ததில் எனக்குப் பங்கு உண்டு. டீச்சர்களிடம் மட்டும் குறை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.


சாக்பீஸ் | புதன், மாலை 6.00

கோவைத்தென்றல், இதை வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. பல தனியார் பள்ளி ஆசிரியர்கள் என்னிடம் சொல்லும் குறையும் இதுதான். குறைத்தால் பெற்றோர் கேட்கிறார்கள், கூட்டினாலும் பெற்றோர் கேட்கிறார்கள்.

நூல்கண்டு, டீச்சரிடம் பேசுவது பற்றிக் கேட்டீர்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அங்கே போட்டால் டீச்சர் நிர்வாகத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை வரும், அப்புறம் உங்கள் பேச்சு காதில் ஏறாது. நேரில் போங்கள். விதியை முதலில் எடுக்காமல், குறித்து வைத்த நேரத்தைக் காட்டுங்கள். ‘40 நிமிடம் ஆனதும் நிறுத்திவிட்டு டைரியில் எழுதிக் கையெழுத்துப் போடலாமா’ என்று அனுமதி கேளுங்கள். பிள்ளை எங்கே திணறினாள் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். ‘ஏழால் வகுக்கும்போது மீதி வந்தால் குழம்புகிறாள்’ என்று ஒரு தாய் எழுதி அனுப்பினால் எனக்கு அது 24 கணக்கைவிட உபயோகம்.

ப்ராஜெக்ட்டை அவளே செய்யட்டும், கோணலாக இருந்தாலும் சரி.

எங்கள் ஊரில் முதல்தலைமுறை சொன்ன மாதிரி வீடுகள்தான் அதிகம். 2021இல் தமிழக அரசின் மாலை நேர வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி தன்னார்வலராக வந்தார். மாலையில் உட்கார ஒரு திண்ணையும், கேட்க ஒரு அக்காவும் கிடைத்ததும் என் பிள்ளைகளில் பலர் முதல் முறையாகப் பாடத்தை முடித்து வந்தார்கள். அது நான் கொடுத்த பாடம் சிறந்ததால் இல்லை.


வாய்ப்பாடு16 | புதன், இரவு 9.45

டீச்சரின் 376 கணக்கைப் படித்ததும் என் ட்யூஷன் பிள்ளைகளின் நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஒரு ஏழாம் வகுப்புப் பெண் பின்னக் கூட்டலில் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறாள். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்த்தால் ஐந்தில் இரண்டாம். அது அரையைவிடக் குறைவு என்று அவளுக்கும் தோன்றவில்லை, நானும் கவனிக்கவில்லை. எட்டுக் கணக்கு அப்படியே. நாளை அவளோடு முதலிலிருந்து உட்காருகிறேன். 24 அதிகமில்லை என்று எழுதியதை மாற்றிக்கொள்கிறேன்.

ஆனால் வாய்ப்பாட்டில் விட மாட்டேன். வாயால் சொல்வதற்குப் பத்து நிமிடம் போதும், நோட்டு வேண்டாம், ஞாயிறு தவிர ஒரு நாளும் தவறக் கூடாது. சமைத்துக்கொண்டே கேட்கலாம், வேனுக்குக் காத்திருக்கும்போது கேட்கலாம். கேட்பவருக்குப் படிப்பு வேண்டியதில்லை, முதல்தலைமுறை அவர்களின் அம்மா மாதிரி ஒருவர் இருந்தால் என்னைவிட நன்றாகக் கேட்பார்.


நூல்கண்டு | திருப்பூர் | மூன்று வாரம் கழித்து, வியாழன் இரவு 9.50

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

நேரில் போனேன். டீச்சர் சின்னப் பெண், கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது. நேரக் குறிப்பைக் காட்டியதும், “இவ்வளவு ஆகும் என்று நினைக்கவில்லை மேடம், ஒவ்வொரு பாட டீச்சரும் அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் கொடுக்கிறோம்” என்றார். யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. 40 நிமிடத்தில் நிறுத்தி எழுத ஒப்புக்கொண்டார். அவர் எடுக்கும் கணக்கில் 24ஐ ஆறாகக் குறைத்தார், அதில் இரண்டு பழைய பாடம். கேள்வி பதிலை இரண்டாவது நோட்டில் எழுதுவது மட்டும் தன் கையில் இல்லை, நிர்வாகம் நோட்டைச் சரிபார்க்கும் என்றார். அதனால் அது தொடர்கிறது. மகள் முதலில் மூடி வைத்து எனக்குச் சொல்கிறாள், அப்புறம்தான் எழுதுகிறாள்.

இந்த மாத ப்ராஜெக்ட் எங்கள் தெருவில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. மகள்தான் வரைந்தாள். தண்ணீர்த் தொட்டியில் வால்வு திறக்கும் அண்ணனிடம் போய், எத்தனை நாளுக்கு ஒரு முறை, எத்தனை மணி நேரம் என்று கேட்டு எழுதினாள். ஸ்டிக்கர் வரவில்லை. அவள் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை, அந்த அண்ணன் சொன்னதைத்தான் இரண்டு நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.


முதல்தலைமுறை | தென்காசி | வியாழன், இரவு 10.12

மிகவும் சந்தோஷம் அக்கா. ஒன்று கேட்கிறேன், தவறாக எடுக்காதீர்கள். கணக்கு குறைந்ததும் 40 நிமிடமும் வகுப்புக்கே வா, உங்கள் மகளுக்கு மட்டுமா?


நூல்கண்டு | திருப்பூர் | வெள்ளி, இரவு 8.30

நேற்றே பதில் எழுத உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை. ஆறு கணக்கு எல்லோருக்கும். 40 நிமிடத்தில் நிறுத்துவது போய்க் கேட்டவர்களுக்கு மட்டும். இதுவரை நானும் இன்னொருவரும்தான் கேட்டிருக்கிறோம்.

மகளுக்குப் பக்கத்தில் உட்காரும் பையனின் அப்பா அம்மா இருவரும் பனியன் கம்பெனியில் ஷிஃப்ட். வரும் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம், அன்றைக்கும் அவர்களுக்கு வேலை. இன்று அந்த அம்மாவுக்கு ஃபோன் செய்து, வகுப்புக்கே சேர்த்துக் கேட்கப் போகிறேன், உங்கள் பெயரையும் சொல்லலாமா என்று கேட்டேன். “சொல்லுங்கக்கா. எழுதி முடித்து அவன் ட்யூஷனிலிருந்து வர ஒன்பதரை ஆகிறது. சாப்பிடும்போதே தூங்கிவிடுகிறான்” என்றார்.